ரோட்டுக்கு அடியில் ஆலைச் சாம்பல்: செட்டிநாட்டு ஊர்களில் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ரோட்டு வேலைகளுக்கு மண் சோதனை செய்து கொடுப்பது என் தொழில். ரோட்டோரம் குழி தோண்டிச் சாக்கில் மண் அள்ளிக்கொண்டிருந்தால் நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். "என்ன தம்பி, சாம்பலைக் கொட்டி ரோடு போடப்போறாங்களாமே, நெசமா?" என்று தொடங்கும் பேச்சு, தண்ணீர் கெட்டுப்போகுமா என்பதில் வந்து நிற்கும். கேட்பவர்கள் எல்லாரும் நியாயமான கவலையோடுதான் கேட்கிறார்கள். குழிக்குள் இருந்துகொண்டு பாதியும் மீதியுமாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஆலைக் கழிவை ரோட்டில் எந்த இடத்தில் கலக்கிறார்கள்?

நம் கண்ணுக்குத் தெரியும் தார் மேல்தோல்தான். அதற்கு அடியில் ஜல்லி, அதற்கும் அடியில் சரளை, எல்லாவற்றுக்கும் கீழே அந்த இடத்தின் சொந்த மண். கிராமச் சாலை என்றால் அந்த மண்ணின் மேல் 300 மி.மீ. உயரத்தை, அதாவது ஒரு அடியை, தனியாகக் கெட்டிப்படுத்த வேண்டும். பேச்சு முழுவதும் அந்த ஒரு அடியைப் பற்றியதுதான். அங்கே இருக்கும் மண்ணை அள்ளி எறிந்துவிட்டு வேறு மண் கொண்டுவருவது பழைய வழி. அதே மண்ணைக் கிளறி, சாம்பலோ உலைக் கசடோ சுண்ணாம்போடு சேர்த்துக் கலந்து, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்குவது இந்த வழி.

நம்ம பக்கம் செம்மண். அது நல்ல மண்தானே? அதற்கு எதற்கு மருந்து?

நல்ல மண்தான். செம்புறாங்கல் பாறையும் சரளையும் மேலேயே கிடக்கிற காரைக்குடி மேட்டில் போட்ட ரோட்டுக்கு அடிமண்ணால் தொந்தரவு வருவது குறைவு. அங்கே சாம்பல் கலக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஆனால் நம் ஊர்கள் மேட்டில் மட்டும் இல்லையே. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற ரோடு ஒரு கண்மாய்க்கரையை ஒட்டி, ஒரு வரத்துக்காலைத் தாண்டி, வயலுக்கு நடுவே போய்த்தான் ஏறும். அந்தத் தாழ்வில் இருப்பது களிமண். மானாமதுரை, இளையான்குடிப் பக்கம் இறங்கினால் கரிசலே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அது தண்ணீரைக் குடித்து உப்பும். சித்திரையில் சுருங்கி, விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ரோட்டின் நடுப்பகுதி மூடியிருப்பதால் ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரம்தான் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து அலைபடும். அதனால்தான் நம் ரோடுகளில் முதல் வெடிப்பு ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறது. தார் சரியில்லை என்று தாரைத் திட்டுகிறோம், குற்றம் பெரும்பாலும் அடியில் இருக்கிறது.

இந்த உப்பலைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுதான். காய்ந்த மண்ணை நன்றாகச் சலித்துப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் போடுவோம். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். இரண்டையும் 24 மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, சும்மா படிந்து கிடக்கும். தண்ணீரில் கிடக்கும் களிமண் மறுநாள் காலையில் எழும்பி நிற்கும். மண்ணெண்ணெய்க் குழாயைவிட 50 சதவீதத்துக்கு மேல் எழும்பினால் அந்த மண்ணை அப்படியே ரோட்டுக்கு அடியில் விடக் கூடாது என்பது விதி. ஒரு பள்ளிக்கூட வாசலில் இந்த இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் "மண்ணுல என்ன இருக்கு" என்று கேட்கவில்லை.

சாம்பல் எப்படி மண்ணைக் கெட்டியாக்கும்? அடுப்புச் சாம்பல் காற்றில் பறக்கிறதே?

சாம்பல் தனியாக எதையும் செய்யாது. சுண்ணாம்பு கூட வேண்டும்.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. நம் பெரிய வீடுகளின் சுவரைக் கட்டியது சுண்ணாம்புதானே. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் ஈரம் படும் இடங்களில் சுண்ணாம்போடு செங்கல் தூளையும் சேர்த்தார்கள். அதற்குச் சுர்க்கி என்று பெயர். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையில் நிற்பதுதான். சுட்ட களிமண் தூளில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் தண்ணீரோடும் மெல்ல மெல்லச் சேர்ந்து கல்லாகின்றன. அனல்மின் நிலையச் சாம்பலில் இருப்பதும் அதே சிலிக்கா, அலுமினாதான். நிலக்கரிக்குள் இருந்த களிமண் உலையில் உருகிப் பொடிப்பொடிக் கண்ணாடி மணிகளாக வெளியே வருகிறது. அந்த வகையில் அது சுர்க்கிக்குத் தம்பி.

மண்ணுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை சில மணி நேரத்திலேயே தெரியும். களிமண் துகள்களைச் சுற்றியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியம் வந்து உட்காரும். உடனே துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குருணையாகிவிடும். காலையில் செருப்பில் அப்பிக்கொண்டிருந்த சேறு சாயங்காலம் புட்டு மாவு மாதிரி உதிரும். இரண்டாவது வேலைதான் கல்லாவது. அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். அதுவரை மண்ணுக்குள் காரம் குறையாமல் இருக்க வேண்டும். சுண்ணாம்பைக் குறைத்துவிட்டால் முதல் வேலையோடு எல்லாம் நின்றுவிடும், ஒரு மழைக்குப் பிறகு பழைய சேறுதான்.

எந்தெந்தக் கழிவு இதற்கு ஆகும்?

தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் ஆகும், சுண்ணாம்பு சேர்த்தால். நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது. அதிலேயே கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் தானாகவே இறுகும். ஆனால் தண்ணீர் பட்டவுடன் இறுகத் தொடங்கிவிடும், கலந்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அதில் கந்தகமும் இருப்பதால் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இரும்பு உலையிலிருந்து வரும் கசடைத் தண்ணீரில் திடீரென்று குளிரவைத்து அரைத்தால் கிடைக்கும் வெள்ளைத் தூள் மிக நல்ல சரக்கு. சிமெண்ட் ஆலைகளே அதை விரும்பி வாங்கிவிடுவதால் மலிவாகக் கிடைக்காது. எஃகுக் கசடு வேறு. அது கருங்கல் மாதிரிக் கட்டியாக இருக்கும், ஜல்லிக்குப் பதிலாகப் போடலாம். 2022-ல் குஜராத்தின் சூரத் நகரை அடுத்த ஹசிராவில் ஆறு வழிச் சாலை ஒன்றை எஃகுக் கசடு ஜல்லியிலேயே போட்டார்கள். ஆனால் சூட்டோடு வந்த எஃகுக் கசடுக்குள் நீர்க்காத சுண்ணாம்பு இருக்கும். திறந்த வெளியில் மாதக்கணக்கில் போட்டு நனைத்து ஆறவைக்காமல் ரோட்டுக்கடியில் வைத்தால், பிறகு அது தண்ணீர் குடித்து உப்பி ரோட்டையே தூக்கும். தாமிரக் கசடு கனமான கறுப்பு மணல் மாதிரி. மண்ணை ஒட்டவைக்காது, களிமண்ணுக்கு நடுவே மணல் வேலை செய்யும், அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே கிடைப்பவற்றைச் சொல்ல வேண்டும் என்றால், அரிசி ஆலை உமிச்சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். அளவான சூட்டில் எரிந்து சாம்பல் நிறமாக, வெளிறி இருந்தால் சுண்ணாம்போடு நன்றாகச் சேரும். கறுப்பாக இருந்தால் கரி மிச்சம் என்று பொருள், அது தண்ணீரைத்தான் குடிக்கும். கரும்பாலைச் சக்கைச் சாம்பலுக்கும் இதே கணக்கு. வெல்டிங்குக்கு அசிட்டிலின் வாயு தயாரிக்கும் இடங்களில் வெளியேறும் கார்பைடு சுண்ணாம்பு இன்னொரு நல்ல பொருள். அது கிட்டத்தட்ட நீர்த்த சுண்ணாம்பே. கடைச் சுண்ணாம்புக்குப் பதில் அதைச் சோதித்துப் பயன்படுத்தினால் கலவையே முழுக்கக் கழிவிலிருந்து வந்ததாகிவிடும்.

கந்தகம் உள்ள உர ஆலை ஜிப்சத்தை மட்டும் நம் ஊர்க் களிமண்ணில் சுண்ணாம்போடு கலக்க நான் சம்மதிக்க மாட்டேன். கந்தகம், சுண்ணாம்பு, களிமண், தண்ணீர் நான்கும் சேர்ந்தால் உள்ளே ஊசி ஊசியாக ஒரு படிகம் வளரும். வளரும்போது இடம் கேட்கும். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலை இப்படித்தான் மேடும் பள்ளமுமாகத் தூக்கிக்கொண்டது. அங்கே கந்தகம் மண்ணிலேயே இருந்தது. நாமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா?

பிளாஸ்டிக் ரோடு என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக்கைத் தூவிப் பிறகு தார் சேர்ப்பார்கள். மேல்தோலுக்கான வைத்தியம் அது. இரண்டையும் ஒரே ரோட்டில் செய்யலாம்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பக்கத்து ஊரில் இவ்வளவு போட்டார்கள், இங்கேயும் அவ்வளவே போடுவோம் என்பது நடக்கக் கூடாத ஒன்று. அரை கிலோமீட்டருக்குள் செம்மண் களிமண்ணாக மாறிவிடுகிற ஊர்கள் நம்முடையவை.

முதலில் சுண்ணாம்பு. ஒரே மண்ணைப் பல பாட்டில்களில் போட்டு 2, 3, 4, 5, 6 சதவீதம் என்று சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போய், தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கிக் காரத்தன்மையை (pH) அளப்போம். எந்தப் பாட்டிலில் முதலில் 12.4-ஐத் தொடுகிறதோ அதுதான் மண்ணின் பசி அடங்குகிற அளவு. சாம்பல் வழக்கமாக 10 முதல் 20 சதவீதத்துக்குள் வரும்.

அப்புறம் தாங்கு திறன். கலவையை 150 மி.மீ. விட்டமுள்ள இரும்பு அச்சில் இறுக்கி நாலு நாள் தண்ணீரில் மூழ்கவைப்போம். நாலாம் நாள் எடுத்து, 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் உள்ளே அழுத்துவோம். 2.5 மி.மீ. உள்ளே போவதற்கு எவ்வளவு பாரம் தேவைப்பட்டது என்று பார்ப்போம். நல்ல உடைகல் ஜல்லிக்கு அந்தப் பாரம் 1370 கிலோ. அதை 100 என்று வைத்துத்தான் எல்லா மண்ணையும் ஒப்பிடுகிறோம். கண்மாய்க் களிமண் 30, 40 கிலோவிலேயே உருளையை உள்ளே விட்டுவிடும். அதாவது மதிப்பு 2, 3 தான். அது இரட்டை இலக்கத்துக்கு ஏறினால், மேலே போட வேண்டிய சரளை, ஜல்லியின் கனத்தைக் குறைக்க முடியும். நனைத்து, காயவைத்து, நனைத்து என்று 12 சுற்று பார்க்கும் சோதனையும் உண்டு. நேரம் இல்லை என்று அதை விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் எனக்கு அந்தச் சோதனைதான் முக்கியம்.

சாம்பலில் விஷம் இருக்கிறதாமே? ஊருணித் தண்ணீர் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஊர் இல்லை, கேட்கவும் வேண்டும். தெருவில் விழுந்த மழை எல்லாம் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்துத் தெரு அமைத்தவர்கள் நம் முன்னோர். அந்த வாட்டத்தில் நாம் எதைக் கொட்டினாலும் அது ஊருணியில்தான் போய் நிற்கும். காரைக்குடியே சம்பை ஊற்று நீரைக் குடித்து வளர்ந்த ஊர்.

நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம், செலினியம் போன்றவை சிறு அளவில் இருக்கின்றன. உண்மை. சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிய மண்ணில் அவற்றில் பலவும் கட்டுண்டுவிடும், மேலே தார் மூடியிருப்பதால் மழைநீர் ஊடுருவுவதும் குறைவு. இதுவும் உண்மை. ஆனால் ஆர்சனிக்கும் செலினியமும் எல்லாக் கலவையிலும் ஒரே மாதிரி அடங்கிப்போவதில்லை. ஆகவே எந்த ஆலைச் சாம்பலோ அதையே, எந்த ஊர் மண்ணோ அதோடு கலந்து, தண்ணீரில் ஊறவைத்து, வடிந்த நீரைச் சோதிக்க வேண்டும். அறிக்கை இல்லாத சரக்கை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.

குடிதண்ணீர் ஊருணிக்கரையிலும், கிணற்றடியிலும், கண்மாய் நீர் ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழேயும் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. அந்த நூறு இருநூறு மீட்டருக்குச் சரளையே போடட்டும். கலக்காத வெறும் சாம்பலைக் கொண்டு பள்ளம் நிரப்புவதும், அதை 'ரோட்டு வேலை' என்று கணக்கில் எழுதுவதும் இந்த முறையோடு சம்பந்தமே இல்லாத காரியம். சாம்பலில் உயர்ந்த கரை எழுப்பினால்கூடப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் முதல் மூன்று மீட்டர் வரை நல்ல மண்ணால் மூட வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல் இருக்கிறது.

இப்படிப் போட்ட ரோடு ஒன்று இரண்டு வருஷத்தில் போய்விட்டதே?

நானும் பார்த்தேன். அந்த ரோட்டுக்கு மண் எடுத்துக் கொடுத்தவனே நான்தான் என்பதால் இன்னும் மனசில் கிடக்கிறது. ஒரு மழைக்குப் பிறகு போய் ஓரத்தில் தோண்டினேன். மேலே நாலு விரல்கடை சாம்பல் நிறம், அதற்குக் கீழே ஒரே கறுப்புக் களி, மறுபடி ஒரு சாம்பல் திட்டு. கலக்கவே இல்லை. டிராக்டர் கலப்பையால் ஒரு தடவை கீறிவிட்டு ரோலரை ஏற்றியிருக்கிறார்கள். களிமண் கட்டிகள் முஷ்டி அளவில் உடையாமல் கிடந்தன. கட்டிக்குள் சுண்ணாம்பு எப்படி நுழையும்? சோதனைச் சாலையில் நான் சலித்த மண்ணில் பார்த்த வலுவுக்கும் அங்கே கிடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் அறிக்கையில் "கட்டிகளை உடைத்த பிறகு" என்று பெரிதாக எழுதாமல் விட்டது என் தவறு. இப்போதெல்லாம் முதல் வரியே அதுதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. ரோட்டை உயர்த்தியவர்கள் வரத்துக்காலின் குறுக்கே குழாய் வைக்கவில்லை. தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி நின்றது. தேங்கிய தண்ணீருக்கு எந்தச் சாம்பலும் மருந்தில்லை.

வேலை நடக்கும்போது ஊர்க்காரர்கள் எதைக் கவனிக்கலாம்?

கட்டி உடைபடுகிறதா என்று பாருங்கள். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டர் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். சுண்ணாம்பு கலந்த களிமண்ணை ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் ஈரத்தோடு ஊறவிட்டு, மறுபடி கலந்து, அதன் பிறகு சாம்பலைச் சேர்ப்பது நல்ல முறை.

கலவை முழு ஆழத்துக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஃபீனால்ஃப்தலீன் என்ற மருந்தைத் தெளிப்போம். சுண்ணாம்பு இருக்கும் இடம் சட்டென்று இளஞ்சிவப்பாகும். மருந்து இல்லாவிட்டால் என்ன, வீட்டில் மஞ்சள் இருக்கிறது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். ரோலர் ஓடிய அன்றே ஒரு முழம் நீளத்துக்குச் சிறு குழி வெட்டச் சொல்லி, அதன் சுவரில் மஞ்சள் தண்ணீரைத் தெளியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி சிவந்தால் நல்ல வேலை. திட்டுத் திட்டாக மஞ்சளாகவே நின்றால் அங்கே சுண்ணாம்பு போகவில்லை. ஒரு ஊரில் ஆச்சி ஒருவர் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து நின்றார். குழிச் சுவரின் மேல்பாதி மட்டும் சிவந்தது. அன்றைக்கே அந்தத் துண்டை மறுபடி கிளறிக் கலக்கவைத்தோம்.

அப்புறம் ஏழு நாள் ஈரம் காய விடக் கூடாது. சாக்கைப் போட்டோ தண்ணீர் தெளித்தோ காப்பாற்ற வேண்டும். அந்த ஏழு நாளும் ஜல்லி லாரியை அதன் மேல் விடாதீர்கள்.

செலவு குறையுமா?

எங்கிருந்து சாம்பல் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3.75 மீட்டர் அகலம், 1 கி.மீ. நீளம், அந்த ஒரு அடியில் பாதியான 150 மி.மீ. கனம் என்றால் சுமார் 560 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.7 டன் வீதம் ஏறக்குறைய 950 டன். அதில் 15 சதவீதம் சாம்பல் என்றால் 140 டன்னுக்குச் சற்றுக் கூட, 4 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 38 டன். களிமண்ணை எடுத்துவிட்டு அத்தனைக்கும் சரளை அடிப்பதாக இருந்தால் 950 டன்னையும் லாரியில் கொண்டுவர வேண்டும். அந்தச் சரளைக்கு எங்கோ ஒரு மேட்டைத் தோண்ட வேண்டும். நம் பக்கம் அப்படித் தோண்டிய குழிகளைப் பார்க்காதவர்கள் யார்?

சாம்பல் பொதுவாக விலை இல்லாத சரக்கு, வண்டி வாடகைதான் கனக்கும். மத்திய அரசு 2021 டிசம்பர் 31-ல் வெளியிட்ட அறிவிக்கைப்படி, அனல்மின் நிலையத்திலிருந்து 300 கி.மீ. சுற்றளவுக்குள் ரோடு போடுபவர்கள் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும், நிலையமே தன் செலவில் அதைக் கொண்டுவந்து தர வேண்டும். தூத்துக்குடி, நெய்வேலி, மேட்டூர் மூன்றுமே காரைக்குடிக்கு அந்த எல்லைக்குள் வருகின்றன. எஸ்டிமேட்டில் சாம்பலுக்கு வண்டி வாடகை எழுதியிருந்தால் ஏன் என்று கிராம சபையில் கேட்கலாம்.

இடித்த பழைய வீட்டுச் செங்கல், உடைந்த ஆத்தங்குடிக் கல் எல்லாம் ஆகுமா?

ஒவ்வொரு வீடு இடிபடும்போதும் எனக்கு வலிக்கிறது. தேக்கும் தூணும் விலைக்குப் போய்விடும், மிச்சம் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். செங்கல், காரை, ஆத்தங்குடிக் கல் துண்டு எல்லாவற்றையும் உடைத்துச் சலித்து, மரத்துண்டு, கம்பி, பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டால் சரளையோடு சேர்க்கலாம். கட்டட இடிபாடுகளை ரோட்டில் பயன்படுத்த, ரோட்டு வேலைக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2017-லேயே தனி வழிகாட்டி போட்டிருக்கிறது. பழைய காரையில் இருக்கும் சுண்ணாம்பு காற்றில் பல்லாண்டு கிடந்து மறுபடி கல்லாகிப்போனது. அது புதுச் சுண்ணாம்பு மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வேலை செய்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஈரக் கையில் பட்டால் புண்ணாக்கும். சாம்பல் தூசி நெஞ்சில் படியும். கண்ணாடி, முகக்கவசம், கையுறை, பூட்ஸ் நான்கும் கட்டாயம். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தக் கவசத்தை வாங்கிக் கொடுக்காதவரின் வேலையை ஊரே நிறுத்தினாலும் தவறில்லை. சாம்பலை ஈரப்படுத்தியே இறக்க வேண்டும், காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில் இன்னும் கவனம்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

தை அறுவடை முடிந்து வயலில் தண்ணீர் வற்றிய பிறகு, மாசி, பங்குனியில் தொடங்கினால் நல்லது. சூடு இருந்தால் சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும். மழைக்கு முன் நாலைந்து மாதம் இறுகவும் நேரம் கிடைக்கும். தண்ணீர் லாரிக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சித்திரையில் ஈரம் மதியத்துக்குள் பறந்துவிடும். புரட்டாசிக் கடைசியில் வந்து "சீக்கிரம் முடித்துத் தருகிறோம்" என்றால் வேண்டாம், தை முடியும் வரை பொறுக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.